கப்பல் பாட்டின் ரெண்டாம் பாதி

கப்பலின் சமையல்கட்டு, குசினியில் ஒரே ஒரு ஜன்னல். வட்டக் கண்ணாடி. காலையில் அதில் எங்க ஊர் மாதா கோயில் கோபுரம் தெரியும். மத்தியானம் காத்து மாறினதும் கப்பல் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பிவிடும். அப்புறம் வெறும் கடல். மறுநாள் காலையில் திரும்பவும் கோபுரம்.

நான் அந்தக் கப்பலில் பண்டாரி. கப்பலில் சமைக்கிற ஆளை அப்படித்தான் சொல்வார்கள். முதலாளி கப்பலைக் கைவிட்டுவிட்டான். கேஸ் ஆனது. கோர்ட்டு கப்பலைப் பிடித்து, தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட வைத்தது. மற்ற ஆட்களை இறக்கி அனுப்பினார்கள். நாலு பேர் மட்டும் இருந்தே ஆகணும் என்றார்கள். ஆளில்லாத கப்பல் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். மாற்று ஆள் வந்தால் ஒருத்தர் இறங்கலாம். மாற்று ஆள் வரவில்லை.

நாலு பேரில் கேப்டன் வங்காளத்துக்காரர், வயசானவர். இஞ்சினியர் குஜராத் பக்கம். எலக்ட்ரீசியன் கோவாக்காரர். அப்புறம் நான். மற்ற மூணு பேருக்கும் வீடு தூரத்தில் இருந்தது. அது ஒரு வகையில் நல்லது. எனக்கு வீடு ஜன்னலில் இருந்தது.

டீசல் கொஞ்சம்தான் கொடுப்பார்கள். சாயந்தரம் ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் போடுவோம். அதற்குள் தண்ணி ஏற்றணும், பேட்டரி ஏற்றணும், போனுக்குச் சார்ஜ் போடணும். மற்ற நேரம் கப்பலில் சத்தமே கிடையாது. இஞ்சின் சத்தத்தில் தூங்கிப் பழகினவனுக்கு அது பெரிய தொந்தரவு. காது எதையாவது தேடிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கப்பலில்தான் கோவாக்காரர் கித்தார் வாசித்தார்.

கித்தார் என்றதும் நான் நினைத்தது வேறு. எங்க ஊர்க் கோயில் பாட்டுக் குழுவில் பையன்கள் வைத்திருப்பார்கள், வயர் சொருகினது. இதில் வயர் இல்லை. நரம்பு நைலான். ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் இடது காலை வைத்துக்கொள்வார். வலது கை நகத்தை வளர்த்து, மெல்லிய அரத்தால் ராவி வைத்திருப்பார். கயிறு இழுக்கக் கூப்பிட்டால் ஒரு கையால்தான் இழுப்பார். இஞ்சினியர் அதற்குத் திட்டுவார்.

பரோக் என்று சொன்னார். முந்நூறு வருசப் பழசு. ஐரோப்பாவில் அரண்மனையிலும் கோயிலிலும் வாசித்தது. வேறு வாத்தியத்துக்கு எழுதினதை இப்போது கித்தாரில் வாசிக்கிறார்களாம். அதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் விளங்கியது. அவர் வாசிக்கிற ஒவ்வொரு பாட்டும் ரெண்டு பாதி. முதல் பாதியை வாசிப்பார், அதையே திரும்ப வாசிப்பார். அப்புறம் ரெண்டாம் பாதி. அதையும் திரும்ப. முதல் பாதி வீட்டை விட்டுப் போகும், ரெண்டாம் பாதி வீட்டுக்கு வரும் என்றார்.

“முதல் பாதியோட நிப்பாட்டினா?” என்று கேட்டேன்.

“நிப்பாட்டக் கூடாது. ஆள் வழியில நிப்பான்.”

இஞ்சினியருக்கு முதலில் பிடிக்கவில்லை. சினிமாப் பாட்டு தெரியாதா என்று கேட்டார். தெரியும், வாசிக்க மாட்டேன் என்றார் கோவாக்காரர். இஞ்சினியர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் கதவு திறந்திருந்தது. கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். பிடிச்சுப் போச்சா என்றேன். “மேல என்ன வாசிக்கிறான்னு எனக்குத் தெரியாது. கீழ கட்டைவிரல் ஓடுது பாரு, அது ஒரு தடவை கூட மூச்சு வாங்கல. இஞ்சின் அப்படி ஓடணும்” என்றார்.

கேப்டன் மெதுவான பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். வேகமானது வந்தால் எழுந்து போய்விடுவார். ஏன் சாப் என்று ஒருநாள் கேட்டேன். “இவ்வளவு வேகமாப் போய் எங்க சேரப் போறோம்” என்றார்.

எனக்கும் அது முதலில் தலைவலிதான். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறது, நங்கூரத்தில் கிடக்கிற கப்பல் மாதிரி. கேட்கக் கேட்கக் கை பழகிவிட்டது. வெங்காயம் அரிந்தால் கத்தி அதன் வேகத்துக்கே போகும். மெதுவானதை வாசித்தால் நானும் மெதுவாகிவிடுவேன். சோறு குழைந்துவிடும். சோற்றைத் தொட்டுப் பார்த்தே இன்னைக்கு என்ன பாட்டு என்று இஞ்சினியர் சொல்லிவிடுவார்.

மேலே கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜ் அறையில் வயர்லெஸ் இருந்தது. துறைமுகத்துக்குப் பதில் சொல்ல ஒரு சானல். மீன்பிடி வள்ளக்காரர்கள் தங்களுக்குள் பேச வேறு ஒன்று. என் மனைவியின் தம்பி வள்ளம் வைத்திருக்கிறான். மத்தியானம் வலை கொண்டு போகும்போது வயர்லெஸில் என்னோடு ரெண்டு வார்த்தை பேசுவான். ஒருநாள் பின்னால் கித்தார் கேட்டுவிட்டது.

“அது என்ன சத்தம் அத்தான்?”

கோவாக்காரரைக் கூட்டி வந்து உட்கார வைத்தேன். மைக்கின் கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். அமுக்கியிருக்கும்போது நம்ம சத்தம் போகும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது. அவர் வேகமான ஒன்றை முழுசும் வாசித்தார். கையை எடுத்தேன்.

“அத்தான், பாட்டு எப்ப தொடங்கும்?” என்றான் மச்சினன்.

“முடிஞ்சிட்டு மாப்ள.”

“யாரும் பாடவே இல்லையே.”

இன்னொரு வள்ளம் குறுக்கே வந்தது. “சொன்னதையே ரெண்டு வாட்டி சொல்லுதான்லே. நம்ம கோயில் உபதேசியார் செபம் சொல்லுத மாதிரி.”

“ரெண்டு ஆளா வாசிக்குதாங்க?”

“ஒரே ஆளுதான்” என்றேன்.

“சும்மா அடிச்சு விடாதியும். ஒருத்தன் கீழ நடக்கான், ஒருத்தன் மேல ஓடுதான். எனக்குக் காது இல்லையா?”

வயசான குரல் ஒன்று கடைசியாக வந்தது. “கேக்க நல்லாத்தான் இருக்கு. வலை இழுக்க ஒத்து வராது. எல்லாரும் சேந்து இழுக்கதுக்கு ஒரு இடம் வேணும்லா, அது இதுல எங்கன இருக்குன்னே தெரியல.”

கோவாக்காரர் ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். உபதேசியார் என்றதற்கு ரொம்ப நேரம் சிரித்தார், அவர் ஊரிலும் அப்படி ஒருத்தர் உண்டாம். மண்டபத்தில் வாசித்தால் கை தட்டுவார்கள், போய்விடுவார்கள், இப்படி ஒருத்தரும் சொன்னதில்லை என்றார்.

அன்று முதல் அதற்குக் கப்பல் பாட்டு என்று பெயர். மத்தியானம் வள்ளங்கள் கிளம்பும் நேரம் கேட்பார்கள். “ஏலே, ஓடுதது போடச் சொல்லு. நடக்குதது வேண்டாம்.” அதனால் மெதுவானதை அவர்கள் கேட்டதே இல்லை.

இதற்கு நடுவில் என் மகளுக்குக் கல்யாணம் முடிவானது.

எங்களில் மூணு ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லலாம் என்று. முதல் ஓலை வாசித்ததை மச்சினன் வயர்லெஸில் சொன்னான். ஏஜென்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன். மாற்று ஆள் இந்த வாரம் என்றார்கள். ரெண்டாம் ஓலை வாசித்தார்கள். அடுத்த வாரம் என்றார்கள். மூணாம் ஓலைக்குப் பிறகு ஆபீசில் போனை எடுக்கவில்லை.

பந்தியும் பாட்டும் நான் இல்லாமல் நடக்கும். அது பெரிசில்லை. பொண்ணு கோயிலுக்குப் புறப்படும் முன்னால் அப்பன் அவள் நெற்றியில் சிலுவை போடணும். அதற்கப்புறம்தான் வாசல் தாண்டுவாள். அப்பன் செத்துப்போயிருந்தால் தாய்மாமன் போடுவான். உயிரோடு இருக்கும்போது வேறு கை போடுகிற வழக்கம் எங்க ஊரில் இல்லை.

“நீரு வராட்டி நான்தான் போடணும்” என்றான் மச்சினன்.

“நான் உயிரோடதான இருக்கேன்.”

“அதான் அத்தான் சிக்கல்.”

கேப்டனிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். “போன்னு சொல்ல எனக்கு வழி இல்ல. நாலு மூணாச்சுன்னா என் மேல கேஸ். என் சர்ட்டிபிகேட் போயிடும். அதுக்கப்புறம் இந்தக் கப்பல விட்டு எறங்கினா நான் எங்க போவேன்?” அது எனக்கும் தெரியும். கேட்டிருக்க வேண்டாம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் கோவாக்காரர் குசினிக்கு வந்தார். உன் பொண்ணுக்கு நான் வாசிக்கிறேன் என்றார். வேகமானது வாசிங்க என்றேன். மாட்டேன் என்றார். மெதுவான ஒன்று, கேப்டன் உட்கார்ந்து கேட்பது, அதைத்தான் வாசிப்பேன், என் கையில் இருப்பதில் அதுதான் நல்லது என்றார். ஒரு மனுசன் தன்னிடம் இருப்பதில் நல்லதைக் கொடுக்கிறேன் என்கிறான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

மச்சினனிடம் சொன்னேன். அவனுக்குச் சந்தோசம். வயர்லெஸ் பெட்டியைக் கல்யாண வீட்டு மைக் செட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன், தெருவே கேட்கட்டும் என்றான்.

மத்தியானம் மூணு மணி போல. கோவாக்காரர் பிரிட்ஜில் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து உட்கார்ந்தார். நான் கட்டையை அமுக்கினேன். முதல் பாதியை வாசித்தார். மெதுவாக, ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாக. அதையே திரும்ப வாசித்தார். திரும்ப வாசித்து முடிக்கிற நேரம் மைக் பெட்டியில் சின்ன விளக்கு அணைந்தது. பேட்டரி செத்துவிட்டது. பேசுவதற்குத்தான் பேட்டரி ரொம்பக் குடிக்கும், அதுவும் இவ்வளவு நேரம் விடாமல். கேப்டன் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சாயந்தரம் ஜெனரேட்டர் போட்டால்தான் இனி பேச்சு. என் போனும் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

நான் குசினிக்கு இறங்கினேன். ஜன்னலில் கடல் இருந்தது.

கரையில் நடந்ததை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். எங்க ஊரில் யாராவது இறந்தால் கோயில் மைக்கில் முதலில் ஒரு இசை போடுவார்கள். பாட்டு இருக்காது, வார்த்தை இருக்காது. மெதுவாக, ஒத்தையாக ஒரு வாத்தியம். கேட்டதும் ஊர் நின்றுவிடும். அடுப்பைக் குறைத்துவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். இசை நின்றதும் பெயர் சொல்வார்கள். கடலுக்குப் போகிற வள்ளம் திரும்பிவிடும். சாவு இருக்கிற அன்று யாரும் தொழிலுக்குப் போவதில்லை. இதெல்லாம் நான் பிறந்ததிலிருந்து கேட்டது. கப்பலில் அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, கரையில் அது எப்படிக் கேட்கும் என்பதே மறந்துவிட்டது.

கல்யாண வீட்டு மைக்கில் அந்தச் சத்தம் வந்ததும் ஊர் நின்றது. பெயருக்குக் காத்திருந்தது. பெயர் வரவில்லை. வள்ளக்காரர்களுக்கு அந்த வாத்தியத்தைத் தெரியும். இது கப்பல் பாட்டு, அப்படியானால் ஆள் கப்பலில் என்று ஒருத்தன் சொன்னான். மச்சினன் வயர்லெஸில் கூப்பிட்டான். பதில் இல்லை. போனில் கூப்பிட்டான். ஸ்விட்ச் ஆஃப்.

குசினியில் எனக்கு வள்ளத்து இஞ்சின் சத்தம் கேட்டது. ஒன்று ரெண்டு இல்லை. கரண்டியோடு மேலே போனேன். கப்பலைச் சுற்றி வள்ளங்கள். முதல் வள்ளத்தில் மச்சினன், கல்யாணச் சட்டையில். பின்னால் ஒரு பெரியவர் மடியில் வெள்ளைத் துணி வைத்திருந்தார்.

“அந்தா நிக்கான்” என்றார் பெரியவர்.

மச்சினன் அப்படியே வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

“என்ன மாப்ள?” என்றேன்.

“நீரு செத்துட்டீரு.”

“யாரு சொன்னா?”

“மைக் செட்டு சொல்லிச்சு.” முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அக்கா விழுந்து கெடக்கா. வாழை மரத்தையெல்லாம் சாய்ச்சாச்சு.”

“திரும்ப நிறுத்தச் சொல்லு.”

“துணி கொண்டாந்துட்டமே” என்றார் பெரியவர். “இருக்கட்டும். வச்சிருந்து பின்ன எடுத்துக்கிடுவோம்.” ரெண்டு மூணு பேர் சிரித்தார்கள். மச்சினன் சிரிக்கவில்லை.

அதற்குள் துறைமுகத்து லாஞ்ச் வந்தது. கப்பலில் சாவு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வயர்லெஸில் கூப்பிட்டுப் பதில் இல்லாததால் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார்கள். ஆபீசர் சின்ன வயசு. மேலே ஏறி வந்து தலையை எண்ணினார். நாலு இருந்தது.

“பாடி எங்க?” என்றார்.

“நான்தான் சார்” என்றேன்.

விசயத்தைக் கேட்டார். நாளைக்குக் கல்யாணம், பொண்ணு நெற்றியில் நான்தான் சிலுவை போடணும் என்றதும் கீழே பார்த்தார். கெட்ட ஆள் இல்லை. “செத்திருந்தா இப்பவே எறக்கிக் கொண்டு போயிருவேன். அதுக்கு ஆர்டர் வேண்டாம். உயிரோட இருக்கிற ஆள எறக்க எனக்கு ஆர்டர் இல்ல” என்றார்.

மச்சினன் கீழே இருந்து கத்தினான். “நாளைக்கு ஒரு நாள் மட்டும் செத்தவரா வச்சுக்கிடுங்க சார்.”

ஆபீசர் வாயை மூடிச் சிரிப்பை அடக்கினார். அப்புறம் நூலேணியில் இறங்கும்போது, “ஏணிய விட்டுக் கால எடுத்தாத்தான் கப்பல விட்டதா அர்த்தம். ஏணி கப்பலோட சேத்தி” என்றார். எதற்குச் சொன்னார் என்று எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. மச்சினனுக்கு உடனே விளங்கிவிட்டது. “லைஃப் ஜாக்கெட் போட்டா வள்ளத்துல பொம்பளைங்க வரலாமா சார்?” என்று கேட்டான். ஆபீசர் தலையை ஆட்டினார்.

சாயந்தரம் கோவாக்காரரிடம் எல்லாம் சொன்னேன். ஊர் பூரா அழுதிருக்கு என்றேன். “எந்த மண்டபத்துலயும் என் வாசிப்புக்கு ஒருத்தரும் அழுததில்ல” என்றார். சந்தோசமாச் சொன்னாரா, வருத்தமாச் சொன்னாரா தெரியவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் வள்ளம் வந்தது. மச்சினன் ஓட்டினான். நடுவில் என் மனைவியும் மகளும். மகள் தலையில் வெள்ளை நெட்டு முக்காடும் கிரீடமும். பட்டுச் சேலைக்கு மேலே ஆரஞ்சுக் கலர் லைஃப் ஜாக்கெட்.  மனைவி என்னைத் தொட்டுப் பார்ப்பது போலக் கையை நீட்டினாள், எட்டவில்லை.

நூலேணியில் இறங்கினேன். கடைசிப் படியில் நின்றேன். ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வள்ளம் அலையில் ஏறும், இறங்கும். ஏறும்போதுதான் நெற்றி எட்டும். முதல் தடவை என் கட்டைவிரல் நெட்டில் பட்டு வழுக்கியது. வள்ளம் கீழே போய்விட்டது. மச்சினன் திரும்பவும் அணைத்துப் பிடித்தான். அடுத்த அலை தூக்கியபோது நெற்றியில் சிலுவை போட்டேன். நெற்றி சூடாக இருந்தது. ஏணியை விட்டுக் காலை எடுக்கவில்லை.

“அப்பா, நேத்து அது பாதியில நின்னுட்டு” என்றாள்.

“பேட்டரி போயிட்டு.”

“மீதி இருக்கா?”

“இருக்கு.”

“போடச் சொல்லுங்க.”

“ஏளா, பூசைக்கு நேரமாவுது” என்றான் மச்சினன்.

“சாமி காத்திருப்பாரு மாமா.” என்னைப் பார்த்தாள். “நேத்து எல்லாரும் பாட்டு கேட்டு அழுதாங்க. எனக்கு அது நின்னதுக்கப்புறந்தான் அழுகை வந்துச்சுப்பா.”

மேலே கத்திச் சொன்னேன். கோவாக்காரர் ஏற்கெனவே கித்தாரோடு கம்பி ஓரத்தில்தான் நின்றிருந்தார். பெயிண்ட் டப்பா நகர்கிற சத்தம் கேட்டது. மச்சினன் இஞ்சினை நிறுத்தினான்.

ரெண்டாம் பாதியை வாசித்தார். நான் ஏணியில் நின்றேன். கால் நனைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து அவர் எனக்குத் தெரியவில்லை. மகள் முகம் மட்டும் தெரிந்தது. அவள் அழவில்லை, சிரிக்கவில்லை. போனில் தூரத்திலிருந்து பேசுகிறவர் சொல்வது சரியாகக் கேட்கணும் என்று நிற்பார்களே, அப்படி முகம் வைத்திருந்தாள். கையால் ஜாக்கெட் வாரைப் பிடித்திருந்தாள். பாட்டு சுற்றிக்கொண்டு போய், மெதுவாக வந்து நின்றது. அந்த இடத்தில் அவள் வாரை விட்டாள்.

“முடிஞ்சிட்டா, இன்னொரு வாட்டி சொல்லுவாரா?” என்றான் மச்சினன்.

“இன்னொரு வாட்டி உண்டு.”

“சரி, சொல்லட்டும்.”

சொன்னார். அப்புறம் வள்ளம் கிளம்பியது. மகள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், மனைவி பார்க்கவில்லை. நான் ஏணியில் ஏறினேன். மேலே கேப்டன் நின்றிருந்தார். நாலு பேர் இருக்கோம் என்றேன். தெரியும் என்றார்.

மாற்று ஆள் வந்தபோது மகள் முழுகாமல் இருந்தாள். அவ்வளவு நாள் ஆனது.

கல்யாணத்தன்றைக்குக் காத்து சீக்கிரமே மாறத் தொடங்கியது. கோயில் மணி அடிக்கும்போது குசினி ஜன்னலில் பாதிக் கோபுரம் இருந்தது. மணி நிற்பதற்குள் அதுவும் போய்விட்டது. உலையில் அரிசி போட்டேன். நாலு பேருக்கு.